1835இல் தமிழருக்குக் கிடைத்த கதிரை: அது யாருக்காக இருந்தது?

கரவெட்டியான்

இலங்கை அரசியலமைப்பு பற்றிய மற்றத் திரியில் இந்தக் களத்து உறவு (உறுப்பினர்) ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "வெள்ளைக்காரன் காலத்துச் சட்டநிரூபண சபையில் சிங்களவருக்கு ஒரு ஆசனம், தமிழருக்கு ஒரு ஆசனம். சரிக்குச் சமன். அதை இழந்ததில்தான் எங்கள் துன்பம் எல்லாம் தொடங்கியது." இந்தக் கருத்தைப் பல இடங்களில் கேட்டுவிட்டேன். அங்கேயே பதில் எழுதினால் அந்தத் திரி திசைமாறிவிடும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

முதலில் அந்தச் சபையில் யார் யார் இருந்தார்கள் என்று பார்ப்போம். பிரித்தானிய அரசு அனுப்பிய ஆணையாளர்கள் கோல்புறூக், கமரன் ஆகியோரின் விசாரணை அறிக்கைகளுக்குப் பிறகு 1833இல் அது உருவாக்கப்பட்டது. மொத்தம் 15 அங்கத்தவர்கள். அதில் 9 பேர் அரசாங்க உத்தியோகத்தர்கள். குடியேற்றச் செயலாளர், படைத்தளபதி, திறைசேரிப் பொறுப்பாளர் என்று எல்லாரும் தேசாதிபதிக்கு (பிரித்தானிய ஆளுநருக்கு)க் கீழே சம்பளம் வாங்குகிறவர்கள். மிச்சம் 6 பேர் உத்தியோகப்பற்றற்றவர்கள், அதாவது அரச பதவி இல்லாதவர்கள். அந்த ஆறிலும் மூன்று ஐரோப்பியருக்குப் போனது. இந்த நாட்டு மக்களுக்கு மூன்றே மூன்று: ஒரு சிங்களவர், ஒரு தமிழர், ஒரு பறங்கியர் (போர்த்துக்கேய, ஒல்லாந்த வழியினர்). அவர்களைத் தெரிந்தெடுப்பதும் தேசாதிபதி, சபைக்குத் தலைமை தாங்குவதும் தேசாதிபதி.

இதில் "சரிக்குச் சமன்" என்றால் எதில் சமன்? சிங்கள அங்கத்தவரும் தமிழ் அங்கத்தவரும் பறங்கிய அங்கத்தவரும் மூன்று ஐரோப்பியரும் ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்தாலும் ஆறுக்கு ஒன்பது. உத்தியோகத்தர்கள் தேசாதிபதியின் விருப்பத்துக்கு மாறாக வாக்களிக்கவும் முடியாது. அதிகாரம் இல்லாத இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சமமாக இருந்ததை ஏன் பொற்காலம் என்கிறோம்?

1835இல் நியமிக்கப்பட்ட முதல் இலங்கையர் பிலிப்ஸ் பண்டிதரத்ன, ஹிலபிராண்ட், ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி. குமாரசுவாமி எங்கள் வடமராட்சி, கெருடாவில் ஊரவர். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அவர் சபைக்குப் போனது எந்த வழியால்? அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளர், கேற் முதலியார் என்ற அரச பட்டம் பெற்றவர். தேசாதிபதிக்கு ஏற்கெனவே பழக்கமான மனிதர். அவர் 1836இலேயே காலமானார். பிறகு 1838இல் சைமன் காசிச்செட்டி, 1846இல் எதிர்மன்னசிங்க முதலியார். 1862இல் வந்த முத்துக்குமாரசுவாமி அந்த முதல் அங்கத்தவரின் மகன். 1879இல் வந்த பொன்னம்பலம் இராமநாதன் அதே முதல் அங்கத்தவரின் மகள்வழிப் பேரன். இராமநாதன் 1892இல் அரச சட்டப் பதவிக்குப் போனபிறகு, 1893இல் வந்தவர் அவருடைய அண்ணன் பொ. குமாரசுவாமி. 1862இலிருந்து 1898 வரை கிட்டத்தட்ட 36 வருடங்கள் "தமிழரின் ஆசனம்" ஒரே குடும்பத்துக்குள் இருந்தது.

அந்தக் காலம் முழுவதும் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வன்னியிலோ ஒரு மனிதனிடமும் "உனக்கு யார் வேண்டும்?" என்று கேட்கப்படவில்லை.

முனைக்காற்று

அண்ணை, கணக்குச் சரி. ஆனால் அந்தக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்கிறீர்கள். 1835ஐ 1835ஆகப் பார்க்க வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் சென்னை மாகாணத்தில் 1861ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் ஓர் இந்தியர் சட்டசபைக்குள் உட்கார முடிந்தது. எங்களுக்கு அது கால் நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. அடுத்தடுத்து வந்த அரசியல் எல்லாம் அந்தக் கதிரையில் இருந்து பேசிப் பழகியவர்களால் வந்தது.

பெரும்பான்மை இல்லாவிட்டால் சபையில் இருப்பதில் பயனில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். அப்படியென்றால் 1864ஐ என்ன சொல்வீர்கள்? இலங்கையில் நிற்கும் பிரித்தானியப் படையின் செலவை இலங்கை வருமானத்திலிருந்தே கட்ட வேண்டும் என்று லண்டன் நெருக்கியது. உத்தியோகப்பற்றற்றவர்கள் எதிர்த்தார்கள். தோற்றார்கள். அந்த வருடம் நவம்பரில் ஜோர்ஜ் வோல், பறங்கியப் பிரதிநிதி சாள்ஸ் லோறன்ஸ் முதலானோர் பதவியைத் துறந்து வெளியேறினார்கள். அடுத்த வருடமே சிலோன் லீக் என்ற அமைப்பு உருவாகி, உத்தியோகப்பற்றற்றவர்களுக்குப் பெரும்பான்மை வேண்டும் என்று கேட்டது. வாக்கில் தோற்பது வேறு, வாயே இல்லாமல் இருப்பது வேறு. அரசாங்கம் எங்கே எவ்வளவு செலவழிக்கிறது என்பதை எழுந்து நின்று கேட்க ஓர் இடம் இருந்தது. அதற்கு அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதில் பத்திரிகையில் வந்தது. லோறன்ஸ் கையில் எக்சாமினர் பத்திரிகையே இருந்தது.

"ஒரு மனிதனிடமும் கேட்கப்படவில்லை" என்கிறீர்கள். 1879இல் முத்துக்குமாரசுவாமி இறந்தபின் அந்த இடத்துக்கு இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒன்று கிறிஸ்தோபர் பிரிற்றோ, மற்றது இராமநாதன். யாழ்ப்பாணத்தில் கூட்டம் கூட்டி இராமநாதனுக்கு ஆதரவு திரட்டியவர் வேறு யாருமில்லை, ஆறுமுக நாவலர். அது அவருடைய கடைசி வருடம். வாக்குரிமை என்ற ஒன்றே இல்லாத ஊரில், எங்கள் பிரதிநிதி யார் என்பதைப் பற்றிச் சனம் கூடிக் கதைத்தது. தேசாதிபதியும் அந்தப் பெயரையே நியமித்தார். இது அரசியல் இல்லையா?

குடும்பம் என்பதை ஒரு குற்றமாகச் சொல்வதையும் என்னால் ஏற்க முடியாது. முத்துக்குமாரசுவாமி லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாகக் கொடுத்தவர். சபையில் நடப்பது முழுவதும் ஆங்கிலம். சட்டமும் ஆங்கிலத்தில். வெள்ளைக்கார சட்ட அதிகாரியோடு அவன் மொழியில், அவன் சட்டப் புத்தகத்தை வைத்து வாதாடக்கூடிய தமிழர் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? சிங்களப் பக்கத்திலும் பண்டாரநாயக்க, ஒபயசேகர என்று சில முதலியார் குடும்பங்கள்தான் சுற்றிச் சுற்றி வந்தன.

மலைச்சாரல்

வணக்கம். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துக்கு அந்தக் கதிரையால் என்ன கிடைத்தது என்றே கதைக்கிறீர்கள். அந்தச் சபையின் சட்டங்கள் தமிழரில் அதிகம் பேரை எங்கே அடித்தன என்று பாருங்கள்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். காடு, தரிசு, சேனை நிலம் (காட்டை எரித்துப் பயிரிடும் நிலம்) எல்லாம், உரிமையை ஒருவர் நிரூபிக்கும்வரை அரசுக்குச் சொந்தம். கண்டிக் கிராமத்தவனிடம் ஏது காணி உறுதிப் பத்திரம்? நிலம் முடிக்குப் போனது, முடியிடமிருந்து காப்பித் தோட்டத்துக்குப் போனது. வாங்கியவர்களில் உயர் அதிகாரிகளும் இருந்தார்கள், தேசாதிபதி மக்கென்சியே இருந்தார். காணி விற்கும் சட்டத்தை இயற்றும் அரசாங்கமும் காணி வாங்கும் துரைமாரும் ஒரே வட்டம்.

அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய யார் வந்தார்கள்? தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்த எங்கள் பாட்டன் பூட்டன்மார். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களும் தமிழர்தானே? அவர்களுக்காக அந்தச் சபையில் இருந்தது என்ன? 1865இன் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம் இருந்தது. அதன்படி வேலையை விட்டுப் போவது ஒரு குற்றம். இரண்டு தரப்பு செய்துகொண்ட ஒப்பந்தம் முறிந்தால் நட்ட ஈடு கேட்கலாம், அது சிவில் வழக்கு. இங்கே தொழிலாளி முறித்தால் அவனுக்குச் சிறை. துரை சம்பளத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருந்தாலும், கோபத்தில் தோட்டத்தை விட்டு இறங்கியவன் குற்றவாளி.

முனைக்காற்று தம்பி, நீங்கள் பாராட்டும் ஜோர்ஜ் வோல் யார் தெரியுமா? காப்பித் துரை. தோட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். படைக்குக் கொட்டும் பணத்தை ரோட்டுக்கும் ரயிலுக்கும் கொடு என்பதே தோட்டக்காரரின் கோரிக்கை. காப்பி மூட்டை கொழும்புத் துறைமுகத்துக்குப் போக வேண்டுமே. ஐரோப்பிய ஆசனங்கள் மூன்றும் வியாபாரிக்கும் தோட்டக்காரனுக்கும் வாயாக இருந்தன. தோட்டக்காரனுக்கு வாய் இருந்தது, தோட்டத் தொழிலாளிக்கு இல்லை. "தமிழ் அங்கத்தவர்" என்ற பெயரில் ஒருவர் உள்ளே இருந்த அதே காலத்தில் இது நடந்தது.

1848ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்பி விலை விழுந்து அரச வருமானம் குறைந்தபோது டொரிங்டன் தேசாதிபதியாக இருந்தார். ஏற்றுமதித் தீர்வைகளைக் குறைத்துவிட்டு நேரடி வரிகளைக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கிக்கு வருடம் இரண்டரை சிலிங், நாய்க்கு வரி, கடைக்கு வரி. ரோட்டுச் சட்டம் வேறு: 18க்கும் 55க்கும் இடைப்பட்ட ஆண் ஒவ்வொருவரும் வருடத்தில் ஆறு நாள் ரோட்டு வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். இராசகாரியத்தை, அதாவது அரசனுக்குச் செய்யும் கட்டாய ஊழியத்தை, 1832இல் ஒழித்தோம் என்று பெருமைப்பட்டவர்கள், பதினாறு வருடத்துக்குள் அதை வேறு வடிவில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மாத்தளையில் கிளர்ச்சி எழுந்தது, இராணுவச் சட்டம் வந்தது, கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டது பிரித்தானிய நாடாளுமன்றம் நடத்திய விசாரணையால். இந்தச் சபையால் அல்ல.

கற்பிட்டியான்

சைமன் காசிச்செட்டியின் பெயரை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அவர் எங்கள் ஊர், கற்பிட்டி. கொழும்புச் செட்டி மரபு, கத்தோலிக்கர், 1807இல் பிறந்தவர். சபைக்கு வருவதற்கு முன்பே, 1834இல், இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் பற்றிய விவர அகராதியை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பிற்காலத்தில் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தார். அந்தக் குடும்பத்தையும் யாழ்ப்பாணத்தையும் சேராத ஒரு தமிழ் அங்கத்தவர் 1838 முதல் 1845 வரை இருந்தார் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அதன்பிறகு அவர் சிவில் சேவைக்குப் போய்விட்டார். சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் அவர்.

என் முக்கியமான கேள்வி வேறு. 1889 வரை முஸ்லிம்களுக்குத் தனி அங்கத்தவர் இல்லை. தமிழ் அங்கத்தவர் எங்களுக்கும் சேர்த்துப் பேசுகிறார் என்றே கொள்ளப்பட்டது. 1885இல் முஸ்லிம் விவாகப் பதிவுச் சட்டம் சபையில் விவாதத்துக்கு வந்தபோது இராமநாதன் எழுந்து, சோனகர் (இலங்கை முஸ்லிம்கள்) இனத்தால் தமிழர், மதத்தால் முஸ்லிம்கள் என்று வாதிட்டார். அதையே 1888இல் ஆசியச் சங்கத்தில் ஆய்வுக் கட்டுரையாகவும் வாசித்தார். சித்திலெப்பை தன்னுடைய முஸ்லிம் நேசன் பத்திரிகையில் அதை எதிர்த்தார். நடத்தியது தமிழ்ப் பத்திரிகை, எழுதியது தமிழில். பல வருடங்கள் கழித்து, 1907இல், அப்துல் அஸீஸ் ஒரு நூலே எழுதி மறுத்தார்.

எங்கள் பக்கம் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்கிறேன். எங்கள் மொழி என்ன என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. எங்களுக்குத் தனி இடம் தேவையில்லை என்று சொல்வதற்காக எங்கள் அடையாளத்தை ஒருவர் சபையில் வைத்து முடிவு செய்கிறார், அதைக் கேட்டுக்கொண்டிருக்க எங்களில் ஒருவரும் உள்ளே இல்லை. அதுதான் காயம். 1889இல் சபை விரிவானபோது அப்துல் ரகுமான் முதல் முஸ்லிம் அங்கத்தவராகவும், பாணபொக்கே முதல் கண்டிச் சிங்கள அங்கத்தவராகவும் வந்தார்கள். கரவெட்டியான் கேட்ட "அது யாருடைய கதிரை" என்ற கேள்வியை முஸ்லிம்கள் அப்போதே கேட்டுவிட்டார்கள்.

மட்டுறுத்துநர்

1885ஆம் ஆண்டு உரை பற்றி எழுதுகிறவர்கள் இன்றைய கட்சி அரசியலுக்குள் போகாமல் அந்தக் காலத்தோடு நிற்கவும். இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன.

முனைக்காற்று

கற்பிட்டியான் அண்ணை சொன்னதை மதிக்கிறேன். அந்த உரை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே உண்டாக்கிய கசப்பை நான் மறைக்கவில்லை. ஆனால் அதிலேயே என் வாதமும் இருக்கிறது. அந்த இடம் வெறும் அலங்காரம் என்றால், அதில் ஒருவர் பேசிய பேச்சுக்கு ஒரு சமூகமே எழுந்து பதில் சொல்லியிருக்குமா? தனி இடம் வேண்டும் என்று முஸ்லிம்கள் போராடியிருப்பார்களா? பேச்சுக்கு எடை இருந்தது, அதனால்தான்.

மலைச்சாரல் அண்ணை, ஜோர்ஜ் வோலைப் பற்றி நீங்கள் சொன்னது பாதிக் கதை. நெல் வரிக்கு எதிராக வருடக்கணக்கில் போராடியவரும் அதே வோல்தான். நெல் வரி கட்ட முடியாத கிராமத்தவரின் வயல்களை அரசு ஏலத்தில் விற்றது, நுவரெலியாப் பக்கத்தில் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அந்த வரி 1892இல் ஒழிக்கப்பட்டது. துரை என்பதால் அவர் செய்தது எல்லாம் தோட்டத்துக்காக என்று ஒதுக்கிவிட முடியாது.

இராமநாதனையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வெசாக் தினத்தை விடுமுறையாக்க வேண்டும் என்று பௌத்தர்கள் கேட்டபோது துணைநின்றார். 1885இல் அது விடுமுறையானது. தமிழர் ஆசனத்தில் இருந்தவர் சிங்கள பௌத்தருக்காகப் பேசினார். 1915 சிங்கள முஸ்லிம் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் சிங்களத் தலைவர்கள் சிறையில் தள்ளப்பட்டார்கள், விசாரணை என்ற பெயரில் சுட்டும் கொல்லப்பட்டார்கள். அப்போது சபையில் எழுந்து அரசாங்கத்தை நேருக்கு நேர் கேட்டவர் அவர். லண்டன் வரை போய் முறையிட்டுத் திரும்பியபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைச் சிங்கள மக்களே இழுத்துப் போனார்கள்.

செண்பகம்

1915ஐப் பற்றிக் கதைப்பதற்கு முன் 1911ஐச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 1915இல் இராமநாதன் அந்தச் சபையில் இருந்தது தமிழர் ஆசனத்தில் அல்ல. முனைக்காற்று அதைத் தாண்டிப் போகிறார்.

தேசாதிபதி மக்கலம் காலத்துச் சீர்திருத்தம் 1910இல் வந்தது. அங்கத்தவர்கள் 21 ஆனார்கள், அதில் 10 பேர் உத்தியோகப்பற்றற்றவர்கள். முதல்முறையாகத் தேர்தல் வந்தது. ஐரோப்பியருக்கு இரண்டு, பறங்கியருக்கு ஒன்று, "படித்த இலங்கையர்" என்ற பெயரில் ஒன்று. நியமன ஆசனங்கள் பழையபடி இன அடிப்படையில் தொடர்ந்தன. அந்தப் படித்த இலங்கையர் தொகுதியில் நாடு முழுவதற்கும் வாக்காளர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேர். ஆங்கிலக் கல்வியும் வசதியும் உள்ள ஆண்கள் மட்டும். ஒரு பெண் கூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரும் சொல்லவில்லை. 1911இல் நடந்த அந்தத் தேர்தலில் இராமநாதன் டொக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்தார். வாக்காளரில் கூடுதலானோர் சிங்களவர். கராவ சாதிக்காரரான பெர்னாண்டோ வரக்கூடாது என்று கொவிகம சாதியினர் பலர் இராமநாதனுக்கு வாக்களித்தார்கள் என்ற விளக்கம் எல்லாருக்கும் தெரிந்தது. அது ஒரு காரணம்தான். ஆனாலும் ஒரு தமிழர் முழுத் தீவுக்கும் பிரதிநிதியாக நின்று வென்றார். அந்தத் தகுதியில்தான் 1915இல் பேசினார்.

எனவே நீங்கள் சொல்லும் உதாரணம் உங்கள் வாதத்துக்கு எதிராகவே நிற்கிறது. இன அடிப்படையில் கொடுத்த கதிரையில் இருந்தபோது அவர் 1885இல் முஸ்லிம்களோடு மோதினார். இனம் குறிக்காத ஆசனத்தில் இருந்தபோது எல்லாருக்கும் தலைவரானார். இது முழுக்க அந்த ஆசனத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை, மனிதரும் மாறுவார். ஆனால் இந்த நியமன முறைக்கு ஒரு குணம் இருந்தது. "உன் இனத்துக்கு ஒன்று தருகிறேன்" என்று தேசாதிபதி சொன்னால், ஒவ்வொரு சமூகத்தின் கண்ணும் பக்கத்துச் சமூகத்தின் கையைப் பார்க்கும். ஒன்பது பேர் உட்கார்ந்திருந்த பக்கத்தை யாரும் பார்க்கவில்லை.

முனைக்காற்று

செண்பகம் அக்கா, அந்தப் பாதையின் அடுத்த திருப்பத்தையும் சொல்லுங்கள். இனம் குறிக்காத அரசியலை முழு மனதோடு நம்பியவர் இராமநாதனின் தம்பி அருணாசலம். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் அவர்தான். மேல்மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று கொடுத்த வாக்குறுதியைச் சிங்களத் தலைவர்கள் காப்பாற்றவில்லை. 1921இல் அவர் மனமுடைந்து வெளியேறினார். இன ஆசனம் வேண்டாம், நம்பிக்கை போதும் என்று போனவருக்குக் கிடைத்தது இது. அதனால்தான் சனம் அந்தப் பழைய ஒன்றுக்கு ஒன்று கணக்கைத் திரும்பத் திரும்ப நினைக்கிறது. அது வெறும் ஏக்கம் இல்லை, அனுபவம்.

கரவெட்டியான்

தம்பி, அருணாசலத்துக்கு நடந்தது துரோகம். அதில் நானும் நீங்களும் ஒரே பக்கம். ஆனால் அதிலிருந்து 1835க்குத் திரும்பிப் போக முடியாது. ஒன்றுக்கு ஒன்று என்ற அந்தச் சமநிலையை யார் காப்பாற்றிக் கொடுத்தது? தேசாதிபதியின் பேனா. அவர் 1889இல் கண்டிச் சிங்களவருக்கு ஒன்று சேர்த்தவுடன் சிங்களவர் இருவர், தமிழர் ஒருவர். எங்களிடம் கேட்கவும் இல்லை, கேட்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. கொடுத்தவன் எண்ணிக்கையை மாற்றினால் ஒரு மனுக் கொடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாத இடத்தை நான் உரிமை என்று சொல்லமாட்டேன்.

1864 வெளிநடப்பையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. லோறன்சின் துணிவு பெரியது. ஆனால் அவர்கள் கேட்ட உத்தியோகப்பற்றற்ற பெரும்பான்மை எப்போது கிடைத்தது? 1920இல், தேசாதிபதி மனிங் காலத்தில். 56 வருடங்கள். அதற்குள் அவர்களில் யாரும் உயிரோடு இல்லை.

நாவலர் கூட்டத்தைப் பற்றி: அந்தக் கூட்டம் நடந்தது நல்லது, அதுவே எங்கள் அரசியலின் தொடக்கங்களில் ஒன்று. ஆனால் நாவலர் அங்கே செய்தது தேசாதிபதியிடம் ஒரு பெயரைச் சிபாரிசு செய்வது. தேசாதிபதி வேறு பெயரைப் போட்டிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். கூட்டத்துக்குப் போன சனத்தின் சக்தியை நீங்கள் அந்தக் கதிரையின் கணக்கில் வரவு வைக்கிறீர்கள். நான் அதைச் சனத்தின் கணக்கில் வைக்கிறேன்.

முனைக்காற்று

சனத்தின் கணக்கில் வையுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் சனம் எதைச் சுற்றிக் கூடியது என்பதையும் எழுதுங்கள். அப்படி ஓர் இடமே இல்லாவிட்டால் 1879இல் யாழ்ப்பாணத்தார் எதற்காகக் கூடியிருப்பார்கள்?

மலைச்சாரல் அண்ணைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளரை யாழ்ப்பாணத் தலைவர்கள் எல்லாரும் கைவிட்டார்கள் என்பது போல ஒரு தொனி இருக்கிறது. அதே குடும்பத்து அருணாசலம்தான் 1919இல் தொழிலாளர் நலனுக்காக ஒரு சங்கம் தொடங்கி, ஒப்பந்தத்தை முறித்தவனைச் சிறையில் போடும் சட்டத்துக்கு எதிராக இயங்கினார். சிறைத் தண்டனை 1921இல் நீக்கப்பட்டதில் அவருக்குப் பங்கு உண்டு.

மலைச்சாரல்

உண்டு, நன்றியோடு சொல்கிறோம். அருணாசலத்தின் பெயரைத் தோட்டத்துப் பக்கம் மறக்கவில்லை. ஆனால் அவர் அதைச் செய்தது எங்கே இருந்து? அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றபின், சபைக்கு வெளியே, சங்கம் அமைத்து, அறிக்கை எழுதி. இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் சேர்ந்தது. 1865இல் வந்த சட்டத்தின் அந்தப் பிரிவு 56 வருடம் எங்கள் ஆட்களைச் சிறைக்கு அனுப்பியது. அந்த 56 வருடமும் சபையில் தமிழ் அங்கத்தவர் என்று ஒருவர் இருந்தபடியே இருந்தார். முத்துக்குமாரசுவாமி, இராமநாதன், பொ. குமாரசுவாமி, டொக்டர் றொக்வூட், கனகசபை. எல்லாரும் படித்தவர்கள், கெட்டிக்காரர்கள், ஆங்கிலத்தில் வெள்ளைக்காரனை வாயடைக்கச் செய்யக்கூடியவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கெட்டித்தனம் எங்கள் லயத்து வாசல் வரை வரவில்லை.

எங்கள் வாய் எப்போது உள்ளே போனது என்று சொல்கிறேன். 1924இல் புதிய அமைப்பு வந்தபோது இந்தியருக்கு இரண்டு தெரிவு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. 1925இல் ஓர் இடைத்தேர்தலில் நடேசய்யர் வென்றார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், பத்திரிகைக்காரர். கங்காணியிடம் கடன் எப்படி ஏறுகிறது, துண்டு என்ற சீட்டை வைத்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளை எப்படிக் கைமாற்றினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வாக்காளர்களில் தோட்டத் தொழிலாளி அப்போதும் மிகக் குறைவு. படிப்பும் சொத்தும் உள்ளவர்களுக்கே வாக்கு, முழு நாட்டிலும் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் வாக்காளர். அப்படியிருந்தும் அவர் சபைக்குள் தோட்டக்காரர் சங்கத்தின் ஆட்களுக்கு முன்னால் நின்று சம்பளத்தைப் பற்றிக் கேட்டார். ஏனென்றால் அவர் அந்தச் சனத்தோடு கூட்டம் போட்டவர், அந்தச் சனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

அதனால்தான் எல்லாருக்கும் வாக்கு என்ற டொனமூர் ஆணைக்குழுவின் திட்டத்தை, அது 1931இல் நடைமுறைக்கு வருமுன்பே எதிர்த்த இராமநாதனோடு என்னால் நிற்க முடியவில்லை. அவருக்கு அவருடைய பயம் இருந்தது, அது பொய்ப் பயம் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் என் பாட்டி கொழுந்து கிள்ளிய கையால் வாக்குச் சீட்டைப் போட்டது அந்த வருடத்தில்தான்.

செண்பகம்

பாட்டி வாக்களித்தது எந்தத் தொகுதி? நினைவு இருந்தால் எழுதுங்கள் அண்ணை. மலையகத்தில் 1931 வாக்களிப்புப் பற்றிய குடும்ப நினைவுகளைத் தொகுக்கத் தனித் திரி ஒன்று தொடங்கலாம் என்று நினைக்கிறேன். பெயர்கள் வேண்டாம், தோட்டமும் ஊரும் போதும்.

மலைச்சாரல்

ஹற்றன் பக்கம். அம்மாவிடம் கேட்டு விவரமாக எழுதுகிறேன் அக்கா. திரியைத் தொடங்குங்கள்.